ஆஸ்பத்திரி வாடை அடிக்கும் விஸ்கி

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கி பாட்டில் கொண்டுவந்தார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. திறந்தால் டிங்சர் வாடை, கூடவே அடுப்புப் புகை. ஆச்சி எட்ட நின்றே, "என்ன இது, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது" என்கிறாள். போலியா, கெட்டுப்போனதா? மாப்பிள்ளையிடம் கேட்கச் சங்கடமாக இருக்கிறது.
- காரைக்குடி வாசகர்

பதில்: நல்லவேளை, கேட்கவில்லை. லேபிளில் ஐலா என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினால் 'இஸ்லே' என்று வரும், ஏமாற வேண்டாம். ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள இந்தத் தீவின் விஸ்கிகள் பலவற்றுக்கு அந்த வாடைதான் அடையாளம்.

அங்கே சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிப் படிந்த மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். பீட் என்று பெயர். முளைகட்டிய பார்லிதான் மால்ட்; ஒரே ஆலையில் அதை மட்டும் வைத்து வடித்தது சிங்கிள் மால்ட். அந்தப் பார்லியைப் பீட் புகையில் உலர்த்தும்போது பீனால் வகைச் சேர்மங்கள் தானியத்தில் ஏறிவிடும். மருந்து வாடைக்குக் கிரெசால், புகை வாடைக்குக் குவாயகால். வடித்த பிறகும் இரண்டும் போவதில்லை.

ஆச்சியின் மூக்கைக் குறை சொல்ல மாட்டேன். கல்பாசியை டப்பாவில் மோந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. காய்ந்த எண்ணெயில் விழுந்ததும்தான் அதன் குணம் வெளியே வரும். விஸ்கிக்கு எண்ணெய் வேண்டாம், தண்ணீர் போதும். ஒரு சிறு கரண்டி விட்டுப் பாருங்கள். தண்ணீர் கலக்கும்போது குவாயகால் மேற்பரப்புக்கு ஏறுவதை 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினிக் கணக்கீட்டில் காட்டினார்கள். ஐஸ் போட்டால் மணம் அடங்கிவிடும். கோலா ஊற்றுவது மாப்பிள்ளையின் காசைச் சாக்கடையில் ஊற்றுவதற்குச் சமம்.

அப்புறமும் பிடிக்கவில்லையா? அடுத்த முறை ஸ்காட்லாந்திலேயே ஸ்பேசைடு வட்டாரத்து விஸ்கி வாங்கிவரச் சொல்லுங்கள். அங்கே பெரும்பாலும் புகை கிடையாது, மரப்பீப்பாய்தான் பேசும். அமெரிக்க பர்பன் விஸ்கி இருந்த ஓக் பீப்பாய் என்றால் வெனிலாவும் தேங்காயும் வரும். பால் பணியாரம் சாப்பிட்ட நாக்குக்கு அது அந்நியமாகத் தெரியாது. ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாய் என்றால் உலர்திராட்சை, பேரீச்சை, கொஞ்சம் கிராம்பு. எந்தப் பீப்பாய் என்று பல பாட்டில்களில் அச்சிட்டே இருக்கும். எனக்கு ஷெர்ரிப் பக்கம்தான் சாய்வு.

கேள்வி: நண்பரின் சாந்திக்கு (அறுபதாம் கல்யாணம்) பரிசாக ஒரு பாட்டில் தர நினைக்கிறேன். 18 வருடம் என்று போட்டது நல்லதா? வயதே போடாத இந்திய மால்ட்டை நம்பலாமா?
- தேவகோட்டை வாசகர்

பதில்: சாந்தி வீட்டுக்குப் பாட்டிலா? சரி, அது உங்களுக்கும் அவர் வீட்டு ஆச்சிக்கும் உள்ள வழக்கு.

லேபிளில் உள்ள வயது, பாட்டிலில் கலந்திருப்பவற்றில் ஆக இளையதன் வயது. ஸ்காட்லாந்தில் குறைந்தது 3 வருடமாவது ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது சட்டம். குளிர் நாடு என்பதால் அங்கே ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம்தான் ஆவியாகும். பெங்களூரு வெயிலில் 10 சதவீதத்துக்கு மேல் போய்விடும். 18 வருடம் விட்டால் பீப்பாயில் மிச்சம் ஏது? அதனால் இந்திய மால்ட்கள் பெரும்பாலும் இளசு. வெக்கையில் மரச்சாறும் வேகமாக இறங்கிவிடும். பெங்களூருவின் அம்ருத் மால்ட் 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே போய் அறிமுகமானது. தாராளமாக நம்பலாம்.

நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. பரிசு கொடுக்கும்வரை பாட்டிலை நிமிர்த்தி, வெயில் விழும் முற்றத்துப் பக்கம் வேண்டாம், வீட்டின் இரண்டாம் கட்டுப் பக்கம் இருட்டறையாகப் பார்த்து வையுங்கள். படுக்கப் போட்டால் சரக்கு கார்க்கை அரித்துவிடும்.