சிங்கப்பூர்த் தோட்டக் கேள்வி–பதில்: பொங்கலுக்குப் பிந்தைய கழிவும் பிப்ரவரி வெயிலும்

சமூகத் தோட்டத்தில் 60 லிட்டர் மூடித் தொட்டியில் உரம் போடுகிறோம். பொங்கல் கரும்பு, வாழையிலை, காய்கறிக் கழிவு எல்லாம் உள்ளே போனது. இப்போது அழுகல் நாற்றம், புழுவும் நெளிகிறது. கொட்டிவிடலாமா? – வாசகி, ஈசூன்

கொட்டாதீர்கள், சரிசெய்துவிடலாம். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் கூடி, காற்று போகவில்லை என்று அர்த்தம். வாழையிலை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். காய்கறி விடும் நீர் அடியில் தேங்கும்.

எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டுங்கள். இலையை விரலகலத்துக்குக் கிழியுங்கள். கரும்பின் தோல் சீக்கிரம் மக்காது. அங்குலத் துண்டுகளாக்கி நெடுக்கில் பிளந்து போடுங்கள். தோரணத்தில் கட்டிய கம்பி, பிளாஸ்டிக் கயிறு இருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு கலந்து மறுபடி நிரப்புங்கள். கலந்ததில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் இன்னும் சருகு போடுங்கள். எறும்பு கூடு கட்டினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். மூக்கைத் துளைக்கும் சிறுநீர் வாடை வந்தால் பச்சைக் கழிவு அதிகம்; அதற்கும் சருகுதான் மருந்து. சமைத்த சோறு, குழம்பு, எண்ணெய், மீன் எதுவும் வேண்டவே வேண்டாம், எலி வரும்.

புழு தட்டையாக, சாம்பல் கலந்த பழுப்பில், கண்டம் கண்டமாக இருந்தால் அது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. கடிக்காது, கழிவை வேகமாகத் தின்னும், விட்டுவிடலாம்.

தொட்டியின் பக்கத்திலும் அடியிலும் பென்சில் பருமனில் துளையிட்டு, உட்புறம் கொசுவலை ஒட்டி, இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். கீழே தட்டு வைத்தால் தினமும் கவிழ்த்துவிட வேண்டும். தேங்கிய நீரில், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழுக்கொசுவாகிவிடும்.

வாரம் ஒருமுறை கிளறினால் மூன்று நான்கு மாதத்தில் உரம் தயார். இவ்வளவு சிறிய தொட்டி போதிய சூடு ஏறாது. தக்காளி, பூசணி விதை சாகாமல் பாத்தியில் முளைக்கும். விதைகளை முன்பே நீக்கிவிடுவது நல்லது.

ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழையின் வறண்ட கட்டம். தோட்டத்தில் கூட்டும் சருகு இப்போதுதான் மொறுமொறுவென்று கிடைக்கும். ஈரம் படாமல் இரண்டு மூன்று மூட்டை கட்டி வைத்துக்கொள்ளுங்கள், மழை மாதங்களில் இதற்குத்தான் தட்டுப்பாடு.

பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தை நடலாமா? – வாசகர், தோ பாயோ

தாராளமாக. இலையை நறுக்கிவிட்டு, முளைக்கண் ஒன்றிரண்டு இருக்கும்படி கிழங்கை உடையுங்கள். வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் வைத்து, கண் மேல்நோக்க 5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். முளை வரச் சில வாரம் பிடிக்கும். அதற்குள் பயந்துபோய் தண்ணீரைக் கொட்டினால் கிழங்கு அழுகும். மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். முளைத்தபின் தண்ணீரைக் கூட்டுங்கள். எட்டு ஒன்பது மாதத்தில் இலை மஞ்சளித்துச் சாயும்போது தோண்டலாம். அடுத்த பொங்கலுக்குப் பச்சைத் தழையோடு பானையில் கட்ட வேண்டுமானால் ஒரு பகுதியைச் சில மாதம் தள்ளி நடுங்கள்.

தெக்கா சந்தையில் கிடைக்கும் மீன் ஃபோம் பெட்டியில் கீரை போடலாமா? – வாசகி, புக்கிட் பாத்தோக்

போடலாம். உப்பு போக நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, அடியில் கட்டைவிரல் நுழையும் ஆறு துளை போடுங்கள். 15 செ.மீ. மண் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண். இந்த வெயிலுக்குக் காலையும் மாலையும் பூவாளியால் தெளிக்க வேண்டும். நான்கு வாரத்தில் பறிக்கலாம்.

வெயில் பட்டுப் பட்டு ஃபோம் மேற்பரப்பு மாவாக உதிரத் தொடங்கினால் உடனே மாற்றுங்கள், உதிரும் மணி மண்ணில் கலந்தால் பொறுக்க முடியாது. பழைய பெட்டியை நீல மறுசுழற்சித் தொட்டியில் போடாதீர்கள், அங்கே ஃபோம் ஏற்பதில்லை. தாழ்வாரத்தில் வைப்பதானால் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும்.