பழைய ஓபன் வேர்ல்ட் கேம்களுக்கு மோட் அவசியமா?

கொழும்பில் இருந்துகொண்டு பழைய கணினியில் மோரோவிண்ட், ஸ்கைரிம் மாதிரி, பெரிய உலகில் இஷ்டம்போல் சுற்றி ஒரு பாத்திரமாக ஆடும் ஆர்பிஜி கேம்களை இப்போது தொடங்கலாமா, மோட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் கோப்புகள்) போடத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்குங்கள். மோட்டும் போடுங்கள், ஆனால் படத்தை அழகாக்குவதற்காக மட்டும் வேண்டாம். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு பம்பலப்பிட்டிக் கடைகளில் கிராபிக்ஸ் கார்ட் விலை விசாரித்தவர்களுக்குத் தெரியும், புதுக் கேம்களுக்குப் பின்னால் ஓடுவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பழைய கேமும் நல்ல மோட்டும் இருந்தால் மாதக்கணக்கில் ஆடலாம்.

எனக்கு முதலிடம் மோரோவிண்டுக்குத்தான். 2002இல் அது வந்தபோதே உலகத்தையும் குவெஸ்ட்களையும் (ஆடுபவர் முடிக்க வேண்டிய பணிகள்) உருவாக்கும் கன்ஸ்ட்ரக்ஷன் செட் என்ற கருவியையும் அதைத் தயாரித்த பெதஸ்டா சேர்த்துக் கொடுத்துவிட்டது. ரசிகர்கள் இன்றுவரை அதை விடாமல் பிடித்திருப்பதற்குப் பெரிய காரணம் அதுதான். அசல் கேம் நடப்பது வார்டன்ஃபெல் என்ற தீவில். மோரோவிண்ட் மாகாணத்தின் பெருநிலத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், போகத்தான் முடியாது. அந்தப் பெருநிலத்தை டாம்ரியல் ரீபில்ட் என்ற ரசிகர் குழு பகுதி பகுதியாகக் கட்டி இலவசமாக வெளியிட்டு வருகிறது. ஊர்கள், சுரங்கங்கள், குவெஸ்ட்கள் எல்லாம் புதிது. ஆனாலும் அசலின் குணம் மாறவில்லை. போகவேண்டிய இடத்தைக் காட்ட அம்புக்குறி கிடையாது, ஆற்றைத் தாண்டி வடக்கே போ என்று ஒருவர் சொல்வதைக் கேட்டு நீங்களேதான் வழி தேட வேண்டும். சம்பளம் வாங்காத ஆட்கள் இவ்வளவு பொறுமையாகச் செய்திருப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

மோரோவிண்டுக்கான ஓப்பன்எம்டபிள்யூ என்ற ரசிகர் முயற்சி இன்னும் ஒரு படி மேல். கேமை ஓட்டும் மென்பொருளான எஞ்சினையே முதலிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அசல் கேமின் கோப்புகள் உங்களிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அசலில் சற்றுத் தூரத்திலேயே பனிமூட்டம் மறைத்துவிடும், இதில் தொலைதூர மலைகள்வரை தெரியும்.

ஸ்கைரிமுக்கு (2011) வந்தால், முதலில் மெனுவை மாற்றும் ஸ்கையூஐ மோட்டைப் போடுங்கள். அசல் மெனு டிவியும் கன்ட்ரோலரும் வைத்து ஆடுபவருக்காகச் செய்தது. ஸ்கையூஐ பொருட்களின் எடை, விலை எல்லாவற்றையும் நிரல் நிரலாகக் காட்டும், பெயரைத் தட்டித் தேடலாம். அப்புறம் ரசிகர்கள் செய்த பிழைத்திருத்தமான அன்ஆபிஷியல் பேட்ச், நின்றுபோகும் குவெஸ்ட்கள் பலவற்றை அதுதான் சரிசெய்கிறது. முழுக் கதையே புதிதாக வேண்டுமென்றால் எண்டரால் இருக்கிறது. ஜெர்மனியின் ஷுவர்ஏஐ குழு ஸ்கைரிம் எஞ்சினில் தனி நாடு, தனிக் கதை, குரல் நடிப்பு என்று செய்து 2016இல் இலவசமாகக் கொடுத்தது. த ஃபர்காட்டன் சிட்டி என்ற ஸ்கைரிம் மோட், 2021இல் தனிக் கேமாகவே வெளிவந்தது.

ஃபால்அவுட் நியூ வேகஸ் ஆடினால் 4 ஜிபி பேட்ச் போடாமல் தொடங்காதீர்கள். 32 பிட் கேம் என்பதால் அதில்லாமல் 2 ஜிபி நினைவகம்தான் அதற்குக் கிடைக்கும். ஜிஓஜி என்ற இணையக் கடையில் வாங்கினால் பேட்ச் ஏற்கனவே சேர்ந்தே வரும்.

நூறு மோட்டை ஒரே நாளில் கொட்டாதீர்கள். மோட் ஆர்கனைசர் 2 என்ற மென்பொருள் வழியாக ஒவ்வொன்றாகப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆடிப் பாருங்கள். அது மோட்களைக் கேம் ஃபோல்டருக்கு வெளியே வைப்பதால் பிடிக்காததை எடுத்துவிடுவது சுலபம். பெரிய மோட்களை இரவு நேர டேட்டாவில் இறக்கிக்கொள்ளுங்கள்.