மலையகத்திலிருந்து ஆவணக்காப்பியல் படிக்க எந்தப் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கலாம்?

கேள்வி இதுதான்: பேராதனையில் வரலாறு சிறப்புப் பட்டம், இறுதி ஆண்டு. வீடு ஹட்டன் பக்கம். ஆவணக்காப்பாளராக வர விருப்பம். இணையத்தில் காணும் புலமைப்பரிசில்களிலும் விருதுகளிலும் எதற்கு விண்ணப்பிக்கலாம்?

தேடினால் முதலில் வந்து நிற்பவை அமெரிக்க ஆவணக்காப்பாளர் சங்கத்தின் விருதுகள். மொசைக் புலமைப்பரிசில் 5,000 டொலர், ஜோசபின் ஃபோர்மன் புலமைப்பரிசில் 10,000 டொலர். சிறுபான்மை மாணவர்களுக்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்து நம்மவர்கள் பலர் விண்ணப்பம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே சொல்லப்படுவது அந்த நாட்டுச் சிறுபான்மை. குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ கேட்பார்கள். அதே சங்கத்தின் ஒலிவர் வெண்டெல் ஹோம்ஸ் பயண விருது வெளிநாட்டவருக்கானதுதான். ஆனால் ஏற்கெனவே பயிற்சிக்காக அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்குப் போவதற்கு மட்டும் அது உதவும். ஐசிஏ எனப்படும் சர்வதேச ஆவணக்காப்பகப் பேரவை, தொழிலுக்குப் புதியவர்களைத் தெரிவு செய்து தன் மாநாட்டுக்கு அழைத்துச் செல்லும் உதவித்தொகை ஒன்றை வைத்திருக்கிறது. அருமையான வாய்ப்பு. ஆனால் தொழிலில் கால் வைத்த பிறகுதான் அது உங்களுக்குப் பொருந்தும்.

ஆகவே ஆவணக்காப்பியல் என்று பெயரிலேயே எழுதியிருக்கும் விருதைத் தேடி அலையாதீர்கள். எந்தத் துறைக்கும் தரப்படும் பெரிய புலமைப்பரிசிலை எடுத்து, அதற்குள் ஆவணக்காப்பியல் பாடநெறியை வையுங்கள். மலையகத்திலிருந்து போகிறவருக்கு நடைமுறையில் திறந்திருக்கும் வழி இதுதான்.

முதலில் செவனிங், பிரித்தானிய அரசின் புலமைப்பரிசில். அங்கே ஓராண்டு முதுமாணி. கட்டணம், மாதச் செலவு, விமானச்சீட்டு எல்லாம் அவர்களுடையது. முடித்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இங்கே இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் மூன்று பாடநெறிகளைக் குறிப்பிட வேண்டும். லண்டன் யுசிஎல், லிவர்பூல், கிளாஸ்கோ, அபெரிஸ்த்வித் ஆகிய நான்கிலும் ஆவணக்காப்பியல் முதுமாணி உண்டு. மூன்றையும் இந்தத் துறையிலேயே எடுங்கள். ஒன்று ஆவணம், ஒன்று ஊடகம், ஒன்று அபிவிருத்திக் கற்கை என்று கலந்து போட்டால், என்ன படிக்கப் போகிறோம் என்று இவருக்கே தெரியவில்லை என்ற எண்ணம்தான் தெரிவாளருக்கு வரும். அண்மைய ஆண்டுகளில் ஆகஸ்ட்டிலோ செப்டெம்பரிலோ திறந்து ஒக்டோபரிலோ நவம்பரிலோ மூடுகிறார்கள்.

சிக்கல் 2,800 மணித்தியால வேலை அனுபவத்தில்தான் வரும். பட்டம் முடித்த கையோடு இது யாரிடமும் இராது. ஆனால் முழுநேர வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பகுதிநேரம், சம்பளமில்லாத தொண்டு, உள்ளகப் பயிற்சி எல்லாம் கணக்கில் சேரும். 15 வெவ்வேறு இடங்கள் வரை காட்டலாம். பட்டப்படிப்பின் கட்டாயப் பகுதியாகச் செய்த பயிற்சி மட்டும் சேராது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரம் 35 மணித்தியாலம் என்றால் 80 வாரம். சனி, ஞாயிறு மட்டும் 14 மணித்தியாலம் என்றால் நான்கு ஆண்டு. எந்த மாதம், எந்த இடம், எத்தனை மணித்தியாலம், பொறுப்பாளர் யார் என்று இன்றே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கி, மாதக் கடைசியில் பொறுப்பாளரின் கையொப்பத்தை வாங்கி வையுங்கள். மூன்று வருடம் கழித்துக் கடிதம் கேட்டால் அவர் மாற்றலாகிப் போயிருப்பார்.

பிரித்தானியாவில் படிக்கவே தரப்படும் பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கு வேலை அனுபவத்தைவிடப் பெறுபேறு முக்கியம். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு வேண்டும். விண்ணப்பத்தை ஆறு அபிவிருத்திக் கருப்பொருள்களில் ஒன்றின் கீழ் வைக்க வேண்டும். மரபைப் பாதுகாப்பது என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. நமக்குக் கைகொடுப்பது அணுகல், உள்ளடக்கம், வாய்ப்பு என்ற கருப்பொருள். காரணம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை தந்தபோது, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவரா அல்லது அப்படி வசித்தவரின் வழிவந்தவரா என்பதுதான் அளவுகோல். அப்படி ஒரு வதிவுக்குத் தாளில் சாட்சி சொல்லக்கூடியவை தோட்டத்துச் செக்ரோலும் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேடு) பாடசாலைச் சேர்விடாப்பும் (மாணவர் அனுமதிப் பதிவேடு) போன்ற பழைய புத்தகங்கள். ஆவணக்காப்பகம் ஏன் ஓர் உரிமைப் பிரச்சினை என்பதை உலகத்தில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு. அதை எழுதுங்கள்.

இந்தியப் பக்கம் இரண்டு விஷயம். முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இருக்கிறது. அது பல்கலைக்கழகப் பட்டத்துக்கானது என்பதால் நூலக, தகவல் விஞ்ஞான முதுமாணியைத் தெரிவு செய்வது பொருந்தும். புது டில்லி தேசிய ஆவணக்காப்பகத்தின் ஆவணக்காப்பியல் பள்ளி ஓராண்டு டிப்ளோமாவும் பழுதுபார்த்தல், பாதுகாத்தல் பற்றிய குறுகிய பயிற்சிகளும் நடத்துகிறது. கைவேலை கற்க அது நல்ல இடம். அடுத்தது, தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு 1947 முதல் இருந்துவரும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் வழியாக உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் உதவுகிறது. முதுமாணிக்கு இது உதவாது. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்.

இனி அந்த மணித்தியாலங்களை எங்கே சேர்ப்பது? கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் 2007இல் திறந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக்காப்பகமும் இருக்கிறது. 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்துகிறது. இவை இரண்டும் கைகூடாவிட்டால் உங்கள் தோட்டப் பாடசாலை, கோயில் நிர்வாக சபை, தொழிற்சங்கக் கிளை அலுவலகம். அதிபரிடமோ தலைவரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அங்குள்ள தாள்களுக்கு ஒரு விவரப்பட்டியல் செய்யுங்கள். 20 பக்கப் பட்டியல் ஒன்று கையில் இருந்தால் நேர்முகப் பரீட்சையில் பேச்சே வேறு. யுசிஎல் போன்ற இடங்கள் அனுமதிக்கே ஆவண வேலை அனுபவத்தை எதிர்பார்க்கின்றன.

பட்டியலை ஐசிஏயின் ஐசாட்-ஜி என்ற ஆவண விவரிப்பு நியமப்படி செய்யுங்கள். அதில் கட்டாயமான கூறுகள் ஆறு. மாதிரிக்கு ஒன்று: "எண்: பா/1/3. தலைப்பு: மாணவர் சேர்விடாப்பு. ஆக்கியோர்: தோட்டப் பாடசாலை. காலம்: 1951–1968. அளவு: 2 தொகுதி, 214 தாள். மட்டம்: கோப்பு." இவ்வளவுதான். ஆசையில் எல்லாவற்றையும் ஆண்டு வரிசைக்கு மாற்றி அடுக்கிவிடாதீர்கள். எந்தத் தாள் எந்தக் கட்டில் இருந்தது என்பதே ஒரு தகவல். கலைத்தால் திரும்ப வராது.

மலைநாட்டு ஈரத்தில் தாள் கெடும் விதம் தெரிந்திருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காயப்போடக் கூடாது. மை வெளிறும், தாள் நொறுங்கும். நிழலில், காற்றோட்டத்தில், தாள்களைப் பிரித்து வையுங்கள். பூஞ்சணம் காய்ந்த பிறகே முகக்கவசத்தோடு மென்தூரிகையால் தட்ட வேண்டும். ஈரத்தில் துடைத்தால் கறை உள்ளே இறங்கிவிடும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் ஊசியை இழுத்தால் தாளும் கூடவே வரும். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, ஊசியின் இரு காலையும் நிமிர்த்தி, பிறகு மெதுவாக எடுங்கள். செலோட்டேப்பும் லமினேட்டிங்கும் வேண்டவே வேண்டாம். பிறப்புச் சான்றிதழை லமினேட் செய்து பாழாக்காத வீடு நம் லயங்களில் அபூர்வம்.

உங்கள் பட்டியல் திருப்தியாக வந்தால் அடுத்த கதவு திறக்கும். லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக நூலகம் 2018இல் தொடங்கிய மீப் எனப்படும் நவீன அழிவுநிலை ஆவணத் திட்டம் 20, 21ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்கானது. திட்டமிடல் மானியம் 15,000 டொலர் வரை, 12 மாதம். முழு மானியம் 50,000 டொலர் வரை, 24 மாதம். பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்தும் அழிவுநிலை ஆவணத் திட்டம் அதற்கு முந்திய காலத்து ஆவணங்களைப் பார்க்கிறது. வடக்கின் ஏட்டுச்சுவடிகளை நூலகம் நிறுவனம் எண்ணிமப்படுத்தியது அந்த ஆதரவில்தான். இரண்டிலும் தனியாள் பெயருக்குக் காசு வராது, ஒரு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் அதில் வேலை செய்பவருக்குச் சம்பளம் எழுதலாம். அந்த ஆள் நீங்களாக இருந்தால் செவனிங் மணித்தியாலமும் அங்கேயே நிரம்பும்.

இந்த விண்ணப்பங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அளவில். "ஏராளமான பழைய ஆவணங்கள்" என்று எழுதாதீர்கள். சாதாரணத் தாள் 100 சேர்ந்தால் சுமார் 1 சென்ரிமீற்றர். ஈரத்தில் ஊதிய பழைய பேரேட்டில் அது பொருந்தாது. மூன்று கட்டுகளை முழுதாக எண்ணி, சராசரியை எடுத்து, மீதியை அளந்து பெருக்குங்கள். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில், சுருக்காத வண்ண டிஃப் படக்கோப்பாக எடுத்தால் 26 மெகாபைட். 10,000 பக்கம் 260 கிகாபைட், மூன்று பிரதி 780. செக்ரோல் ஏ3 அளவில் இருந்தால் எல்லாம் இரட்டிப்பு. உயிரோடு இருப்பவரின் சம்பளமும் கடனும் அதில் இருக்கும். எந்த ஆண்டு வரை இணையத்தில் திறப்பது, எதை மூடி வைப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, ஆனால் முதலில் செய்ய வேண்டியது. உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரச் சான்றிதழ், கடவுச்சீட்டு நான்கையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தகப்பன் பெயர் ஒன்றில் முன்னும் ஒன்றில் பின்னும், சிங்களத்தில் எழுதியதை ஆங்கிலமாக்கியபோது வேறு உச்சரிப்பு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. வேறுபாடு இருந்தால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி, சிங்களச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி, தேவையானால் பிரதேச செயலகத்தில் திருத்த விண்ணப்பம். திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும், விண்ணப்பத் திகதி அதற்காகக் காத்திருக்காது. இந்த வாரமே தொடங்குங்கள்.