பல் கூச்சத்துக்கு 295 டாலர் பில், இன்சூரன்ஸ் தந்தது பூஜ்யம்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எனக்கு ஈறு இறங்கி நாலு பல்லில் கூச்சம். ஐஸ் தண்ணீர் பட்டாலே சுள்ளென்று இழுக்கும். டென்டிஸ்ட் எங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க்கில் இருப்பவர்தான். நாலு பல்லிலும் ரெசின் என்ற பிசின் பூச்சு பூசி, பல்லுக்கு 60 வீதம் 240 டாலர், அதோடு 'கூச்சத்துக்கு மருந்து பூசியது' என்று 55 டாலர், மொத்தம் 295 போட்டிருக்கிறார். கணவரின் கம்பெனி டென்டல் இன்சூரன்ஸ் ஒரு டாலர்கூடத் தரவில்லை. கிளினிக்கில் பில் பார்ப்பவர், "வேண்டுமானால் ஃபில்லிங் என்று மாற்றி அனுப்பிப் பார்க்கலாம்" என்கிறார். சரி என்று சொல்லிவிடலாமா? கணவருக்கு எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச் சலுகைச் சேமிப்பு) கணக்கும் இருக்கிறது.

பதில்: ஃபில்லிங் யோசனைக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். செய்யாத வேலைக்கு க்ளெய்ம் அனுப்புவது மோசடி. உங்களுக்குத் தெரிந்தே நடந்தால் உங்கள் தலையும் உருளும். பணக் கணக்கிலும் அது நஷ்டம்தான். உங்கள் இன்சூரன்ஸ் பதிவில் நாலு பல்லுக்கும் ஃபில்லிங் ஆனதாக ஏறிவிடும். நாளைக்கு அதே பல்லில் நிஜமாகவே சொத்தை வந்து அடைக்க வேண்டியிருந்தால், "இப்போதுதானே அடைத்தீர்கள்?" என்று மறுத்துவிடுவார்கள். டென்டல் பிளான்களில் வருட உச்சவரம்பு பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டாலர்தான். அதிலும் ஒரு துண்டு வீணாகப் போகும்.

இனி பில்லுக்கு வருவோம். ஒவ்வொரு பல் சிகிச்சைக்கும் அமெரிக்க டென்டல் அசோசியேஷன் வெளியிடும் சிடிடி கோடுகளில் கூச்சத்துக்கென்றே இரண்டு இருக்கின்றன. டி9911 என்பது பல்லின் கழுத்திலோ வேரிலோ ரெசின் பூசுவதற்கு. பல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. டி9910 என்பது கூச்சம் குறைக்கும் மருந்து தடவுவதற்கு. இது வழக்கமாக ஒரு வருகைக்கு ஒரு தடவைதான், எத்தனை பல்லுக்குத் தடவினாலும் சரி. உங்கள் பில்லில் இருப்பது இந்த இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கோடு எண், பல் எண் இரண்டும் போட்ட விவரமான பில்லைக் கேட்டு வாங்குங்கள். அந்த 55 டாலர் மருந்து வேறு பற்களுக்கு என்றால் நியாயம். ரெசின் பூசிய அதே நாலு பல்லுக்கு, அதே நாளில் என்றால், "இது எதற்குத் தனியாக?" என்று தாராளமாகக் கேட்கலாம். நேரில் கேட்டாலே பல கிளினிக்குகள் எடுத்துவிடுகின்றன.

அடுத்தது இன்சூரன்ஸிலிருந்து வந்த இஓபி, அதாவது எதற்கு எவ்வளவு தந்தார்கள் என்று சொல்லும் விளக்கத் தாள். அது பில் இல்லையே என்று மடித்து வைத்துவிடுகிறோம், ஆனால் முக்கியமான வரி அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோடுக்கும் ஏன் பணம் தரவில்லை என்ற காரணத்தைப் பாருங்கள்.

"இந்தச் சேவை உங்கள் பிளானில் இல்லை" என்றிருந்தால் அப்பீல் செய்வதில் பெரிய பயன் இல்லை. கூச்சச் சிகிச்சையை விலக்கி வைத்திருக்கும் பிளான்கள் நிறைய. அப்படி விலக்கிய சேவைக்கு நெட்வொர்க் டாக்டர்கூடத் தன் முழுக் கட்டணத்தை வாங்கப் பல மாநிலங்களில் சட்டமே இடம் தருகிறது. நீங்கள் பேரம் பேசத்தான் முடியும். "இது வேறொரு சிகிச்சையில் அடக்கம்" என்று எழுதியிருந்தால் கதை வேறு: பொதுவாக நெட்வொர்க் டாக்டர் அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்கக் கூடாது. நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தால், அந்தத் தாளைக் காட்டினாலே போதும்.

மூன்றாவது வகை, "விவரம் போதவில்லை". போராட வேண்டியது இங்கேதான். "நோயாளிக்குக் கூச்சம், மருந்து பூசினேன்" என்று ஒரே வரியில் குறிப்பு எழுதினால் எந்த இன்சூரன்ஸும் அசையாது. எந்தப் பல், குளிர்ச்சியா காற்றா இனிப்பா எது பட்டால் கூச்சம், எத்தனை நாளாக, ஈறு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, எக்ஸ்ரேயில் சொத்தையோ விரிசலோ இல்லை என்று பார்த்தாரா, கூச்சத்துக்கான பற்பசை போட்டுப் பார்த்துப் பலன் இல்லையா, எந்தப் பொருளை எந்தப் பக்கத்தில் பூசினார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். பல்லின் போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. க்ளெய்ம் படிவத்தில் குறிப்பு எழுத 35-ஆம் கட்டம் இருக்கிறது; பாதிப் பேர் அதைக் காலியாக விட்டு அனுப்புகிறார்கள். உங்கள் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்க ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு. பொதுவாக 30 நாளுக்குள் தர வேண்டும். குறிப்பில் இருப்பது க்ளெய்மில் விட்டுப்போயிருந்தால் சேர்த்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். குறிப்பிலேயே இல்லாததை இப்போது பழைய தேதியில் எழுதச் சொல்வது ஃபில்லிங் கதைக்குச் சமம். கம்பெனி வழி பிளான் என்றால் மறுப்பு வந்த நாளிலிருந்து அப்பீலுக்குக் குறைந்தது 180 நாள் கிடைக்கும்.

கடைசியில் கைப்பணம்தான் என்று ஆனால் எச்எஸ்ஏவிலிருந்து கட்டுங்கள். கணக்கு கணவர் பெயரில் இருந்தாலும் மனைவியின் பல் செலவுக்கு எடுக்கலாம். சிகிச்சை நடந்த நாளுக்கு முன்பே கணக்கு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது அதில் பணம் இல்லாவிட்டாலும் சம்பளத்தில் பிடித்துப் போட்டு, பிறகு எடுத்துக்கொள்ளலாம். எடுக்கக் கெடு எதுவும் கிடையாது. நீங்கள் 22 சதவீத ஃபெடரல் வரி வரம்பில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதோடு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் 7.65 சதவீதமும் மிச்சம். அந்த 55 டாலர் நீங்கி 240 மட்டும் கட்டினால், மிச்சம் சுமார் 71 டாலர். ஒரு வருத்தம்: கலிபோர்னியாவைப் போல உங்கள் நியூ ஜெர்சியும் எச்எஸ்ஏவுக்கு மாநில வரிச் சலுகை தருவதில்லை. பில்லையும் இஓபியையும் சேர்த்து ஸ்கேன் செய்து வையுங்கள், வரித்துறையான ஐஆர்எஸ் கேட்டால் காட்ட வேண்டும். அதே பில்லில் பல் வெளுக்கச் செய்த செலவு ஏதாவது இருந்தால் அதை மட்டும் எச்எஸ்ஏவில் சேர்க்காதீர்கள். அனுமதி இல்லை, வரியோடு 20 சதவீத அபராதமும் விழும்.

அப்புறம், இந்தப் பூச்சு நாளாக ஆகத் தேயும். மறுபடி பூச வேண்டி வரலாம். அடுத்த தடவை நாற்காலியில் உட்காரும் முன்பே கோடு எண்ணோடு இன்சூரன்ஸுக்கு முன்மதிப்பீடு கேட்டு அனுப்பச் சொல்லுங்கள்.