பால் திரிஞ்சாதான் அது மில்க் பஞ்ச்

கேள்வி: போன இதழ்ல, பிராந்தியும் பாலும் கலந்து செய்யற மில்க் பஞ்ச் பாரம்பரிய பானம்னு எழுதியிருந்தீங்க. பிராந்தி பட்டா பால் திரிஞ்சிடாதா, திரிஞ்ச பாலை யார் குடிப்பாங்க? என் நண்பர் வேற, பால் சேர்றதால உடம்புக்குக் கெடுதல் இல்லங்கறார். நெசமா?

பதில்: பாலைத் திரிக்கிறது பிராந்தி இல்ல சார், எலுமிச்சை. எலுமிச்சை சேர்க்காத பஞ்சும் இருக்கு, அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ல கிறிஸ்துமஸ் சமயத்துல காலையிலேயே குடிப்பாங்க, குளிர்ந்த பால், பிராந்தி, சர்க்கரை, வெனிலா, மேல ஜாதிக்காய்த் தூள், அது திரியாது, அப்பவே குடிச்சிடணும். நான் எழுதினது இங்கிலாந்துல பொறந்த பழைய மில்க் பஞ்ச், அதுல பாலை வேணும்னேதான் திரிய விடறாங்க.

1763 அக்டோபர்ல, அமெரிக்காவை உருவாக்கின தலைவர்கள்ல ஒருத்தரான பெஞ்சமின் பிராங்க்ளின் தன்னோட நண்பர் ஜேம்ஸ் போடினுக்கு எழுதிக் கொடுத்த பக்குவம் இருக்கு. 44 எலுமிச்சையோட தோலை மெல்லிசா சீவி 6 குவார்ட் பிராந்தியில (குவார்ட்டர் இல்ல, குவார்ட், கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு வடிகட்டி, 4 குவார்ட் தண்ணி, 2 குவார்ட் எலுமிச்சைச் சாறு, 4 ஜாதிக்காய், 2 பவுண்டு சர்க்கரை கலந்து, 3 குவார்ட் பாலைக் கொதிக்கக் கொதிக்க அதுல ஊத்தி, 2 மணி நேரம் அப்படியே விட்டுடணும். பால் பனீர் மாதிரி திரிதிரியா ஒதுங்கும். துணியில வடிச்சா முதல்ல கலங்கலாத்தான் சொட்டும், அதை எடுத்து திரும்ப அந்தத் திரிவு மேலயே ஊத்தணும், போகப்போக திரிவே சல்லடையாகி கண்ணாடி மாதிரி தெளிவா இறங்கும், பால் இருந்த சுவடே தெரியாது. டீயில பால் ஊத்தினா துவர்ப்பு அடங்குதில்ல, அதே வேலைதான், பால்ல இருக்கிற கேசீன்ங்கிற புரோட்டீன் துவர்ப்பைப் பிடிச்சுக்கிட்டு துணியிலேயே நின்னுடும். கூடவே கொழுப்பும் நின்னுடுது, மிச்சத்துல ஆல்கஹாலும் எலுமிச்சைப் புளிப்பும் இருக்கு, அதனாலதான் இது பாட்டில்ல மாசக்கணக்குல கெடாம இருக்கு. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துல இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சவங்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

உங்க நண்பர் சொல்றதுதான் எனக்குக் கவலையா இருக்கு. பாலோட புரோட்டீன், கொழுப்புல பெரும்பகுதி துணியில தங்கிடுச்சு, பாட்டிலுக்குள்ள போனது பிராந்தி. பிராங்க்ளின் கணக்குப்படியே ஊத்துற திரவத்துல 5ல 2 பங்கு பிராந்திதான், அதுல இருக்கிற ஆல்கஹாலை பால் ஒண்ணும் பண்ணாது. காட்டம் மட்டும் நாக்குக்குத் தெரியாம போறதால ஒரு கிளாஸ்ல நிறுத்த வேண்டியவர் மூணு கிளாஸ் குடிச்சிடுவார். தயவுசெஞ்சு இதை அவர்கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க.