சாக்லேட் திரிந்துபோனது ஏன்?

கேள்வி: போன லீவில் பிள்ளைகளோடு (வயது 5, 9) தேங்காய் உருண்டை பிடித்து சாக்லேட்டில் முக்கினோம். உருக்கும்போதே சாக்லேட் திரிதிரியாகக் கட்டிப் போச்சுங்க. தப்பித்த நாலைந்தும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் கையில் ஒட்டியது. ஓவன் கிடையாது. இந்த அரையாண்டு லீவிலாவது சரியாக வருமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வருமுங்க. இதற்கு ஓவனே தேவையில்லை. உங்களுக்கு நேர்ந்தது இரண்டு தனித்தனிக் கோளாறு.

திரிந்ததற்குக் காரணம் ஈரம். உருகின சாக்லேட்டில் சர்க்கரையும் கோகோவும் கொழுப்புக்குள் மிதக்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சர்க்கரை அதை இழுத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். கொதிக்கிற ஆவி, ஈரக் கரண்டி, பிள்ளைகள் கழுவித் துடைக்காத கை, பச்சைத் தேங்காய்த் துருவல், எதிலிருந்தும் அது வரலாம். திரிந்ததைக் கொட்டாதீர்கள், சூடான பாலை ஊற்றிக் கலக்கினால் நல்ல சாக்லேட் பால்.

கையில் ஒட்டியது, தின்கிற சாக்லேட் பாரை உருக்கியதால். அதிலுள்ள கோகோ வெண்ணெய் பதமாக உறைந்தால் 34 டிகிரி வரை தாங்கும். உருக்கி அப்படியே ஆறவிட்டால் 27, 28 டிகிரியிலேயே இளகும். நம் மார்கழிப் பகலே அதற்குப் போதும். பதப்படுத்த தெர்மாமீட்டரும் பொறுமையும் வேண்டும். பிள்ளைகளோடு செய்யும்போது அது வேண்டாம். கேக் சாமான் விற்கும் கடையில் 'டார்க் காம்பவுண்ட்' கேளுங்கள். அதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் தானாகவே இறுகும். ருசி ஒரு படி குறைவுதான், ஆனால் ஏமாற்றாது.

இருபது உருண்டைக்கு உலர்ந்த தேங்காய்த் தூள் 150 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 120 கிராம், காம்பவுண்ட் 200 கிராம். கொப்பரையைத் துருவுவதானால் சமையலுக்கு விற்பதை வாங்குங்கள்; எண்ணெய் ஆலைக்குப் போவதில் கந்தகப் புகை போடுவது உண்டு. கண்டென்ஸ்டு மில்க்கில் 100 கிராமை முதலில் ஊற்றிப் பிசைந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிடித்தால் உதிர்ந்தால் மட்டும் மிச்சத்தைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். நெல்லிக்காய் அளவு உருட்டுவது முழுக்கப் பிள்ளைகள் வேலை. அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, முக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே எடுங்கள். சில்லென்றே முக்கினால், உள்ளே உருண்டை சூடேறி விரியும்போது மேல்பூச்சு வெடிக்கும்.

உருக்குவது உங்கள் வேலை. போசியில் இரண்டு விரல் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். போசியைவிட வாய் அகன்ற, ஈரமில்லாத கிண்ணத்தில் பொடியாக நறுக்கின காம்பவுண்டைப் போட்டு மேலே வையுங்கள். அடி தண்ணீரில் படக் கூடாது. கால்வாசி கட்டியாக இருக்கும்போதே இறக்கி, கிண்ணத்தின் அடியைத் துணியால் துடைத்துக் கிளறுங்கள். மிச்சம் அந்தச் சூட்டிலேயே கரையும். கெட்டியாகத் தெரிந்தால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். தண்ணீரோ பாலோ கூடவே கூடாது.

முள்கரண்டியில் ஏந்தி முக்கி, கிண்ண ஓரத்தில் நாலு தட்டுத் தட்டி பட்டர் பேப்பரில் வையுங்கள். தட்டாவிட்டால் அடியில் சாக்லேட் குளமாகத் தேங்கும். பெரியவனோ பெரியவளோ முக்கட்டும். வறுத்துத் தோல் ஊதின கடலைக்காய்ப் பருப்பைப் பொடித்துக் கொடுத்தால் சின்னது தூவும். ஒரு நிமிடத்துக்குள் தூவ வேண்டும், அப்புறம் ஒட்டாது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் கடலை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இறுக்கமான டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். உடனே திறந்தால் வியர்த்து, காய்ந்ததும் மேலே வெள்ளை பூத்துவிடும்.