பள்ளியில் இரண்டு நிறத் தொட்டிகள் வைத்தும் மாணவர்கள் குப்பையைப் பிரித்துப் போடாதது ஏன்?

கடற்கரை ஊர் ஒன்றின் அரசு நடுநிலைப் பள்ளியில் பச்சை, நீலம் என இரண்டு தொட்டிகள் வைத்த பிறகும் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒன்றாகவே போடுகிறார்கள், எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் உள்ள ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கும் நான் கண்ட அளவில், பிள்ளைகளுக்குப் பிரிக்கத் தெரியாமல் இல்லை. காலையில் தாங்கள் பிரித்துப் போட்டது மாலையில் ஒரே சாக்கில் கொட்டப்படுவதையும், சில இடங்களில் மைதான மூலையில் குவித்து எரிக்கப்படுவதையும் அவர்கள் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எவ்வளவு பேசினாலும் பயனில்லை. திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இலேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு வகைக் குப்பையும் கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தொட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளிக் குப்பையில் கனமானது சத்துணவின் மிச்சம்தான். மீந்த சோற்றை ஆடு, கோழி வளர்க்கும் அண்டை வீட்டார் அன்றன்றே வாங்கிக்கொள்வார்கள். கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, முட்டை ஓடு ஆகியவை உரக்குழிக்குப் போகலாம். ஆனால் நம் மணலில் வெறும் குழி வெட்டினால் ஈரம் கீழே இறங்கிக் குப்பை மக்காமல் காய்ந்து கிடக்கும். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கித் தொட்டி கட்டி, இந்தக் கழிவையும் வேப்பிலை, பூவரச இலைச் சருகையும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே பனையோலைத் தட்டி மூடி, அவ்வப்போது நீர் தெளித்தால் மூன்று மாத அளவில் உரம் கிடைக்கும். அதைப் பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகளே போடட்டும்.

தாள் மக்கக்கூடியதுதான், ஆனாலும் சாம்பார்ச் சோற்றோடு சேர்ந்துவிட்டால் பழைய பேப்பர் கடையில் அதை எடுக்க மாட்டார்கள். எனவே தாளையும் அட்டையையும் வகுப்பறையிலேயே ஒரு பனையோலைப் பெட்டியில் தனியாகச் சேர்ப்பது நல்லது. தண்ணீர் பாட்டில், பால் கவர் போன்றவற்றைக் கழுவிக் காய வைத்தால் ஊராட்சியின் தூய்மைக் காவலர் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார். எந்தக் கிழமை வருவார், எதை எடுப்பார் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்கு மூடி கட்டாயம் வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் மூடியில்லாத தொட்டியிலிருந்து கவர்கள் பறந்து வேலியைத் தாண்டிக் கடலில்தான் விழுகின்றன.

பிரித்தாலும் தீராத சிக்கல் தின்பண்ட உறை. பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் எந்தப் பழைய சாமான் கடையிலும் அதை வாங்குவதில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளும் குவளைகளும் தடை செய்யப்பட்ட பின்பும் இந்த உறைகள் பள்ளிக்குள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வாசலில் விற்கும் அக்காவிடம் பேசி, சுண்டல், வேர்க்கடலை, தை மாதத்தில் பனங்கிழங்கு என்று மாற்றச் சொல்வது தொட்டி வைப்பதைவிடப் பலன் தரும். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கான காரணத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கரைவலையில் மீனோடு கவர்களும் ஏறி வருவதை அவர்கள் வீட்டிலேயே பேசிக் கேட்டிருப்பார்கள். நம் கரைக்கு எதிரே தெரியும் தீவுகள் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

ஆசிரியர்கள் பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் மூடியுள்ள தனி வாளியும், நாப்கினைச் சுற்றிப் போடப் பழைய செய்தித்தாளும் இல்லையென்றால், அது உலர்ந்த குப்பைக்குள்ளோ கழிப்பறைக் குழிக்குள்ளோ போகும். பிரித்து எடுக்கும் பெண் தொழிலாளர் அதை வெறுங்கையால் தொட வேண்டி வரும். இது அவருடைய உடல்நலத்தையும் மானத்தையும் பற்றியது. இதைச் சிறிய விஷயமாகக் கருத என்னால் முடியவில்லை. ஆசிரியை ஒருவர் அந்தப் பிள்ளைகளிடம் தனியே, தெளிவாகப் பேசினால் போதும்.

பொறுப்பாசிரியர் மாறுதலாகிப் போனதும் இத்தகைய ஏற்பாடுகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. ஆகையால் யார் எதை எங்கே ஒப்படைப்பது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகவே எழுதி வையுங்கள். அந்தக் குழுவில் பெற்றோரே மிகுதியாக இருப்பதால், புதிய ஆசிரியர் வந்தாலும் கேட்பதற்கு ஊரில் ஆள் இருக்கும்.